குழாய் வந்தால் மட்டும் போதுமா? ஏரிக்கரைக் குடியிருப்புகளும் நகரக் குடிநீரும்

நகரங்களை அடுத்துள்ள ஏரிக்கரைகளில் புதிய குடியிருப்புகள் எழுவது இன்று எங்கும் காணும் காட்சியாகிவிட்டது. மனை விற்போர் அச்சிடும் விளம்பரத் தாள்களில் ஏரியின் படமே முதலிடம் பெறுகின்றது. குளிர்ந்த காற்று, கண்ணுக்கினிய நீர்ப்பரப்பு, நகருக்கு எளிய பயணம் என்னும் மூன்றையும் கேட்ட குடும்பத் தலைவர், ஆயுட்காலச் சேமிப்பை எடுத்துக் கொடுத்து மனையை வாங்கிவிடுகிறார். வாங்குவோருள் நெசவாளர் சங்க அங்கத்தினரின் பிள்ளைகளும் உளர். நிலத்தில் ஒரு பகுதியை விற்று நகரருகே வீடு கட்ட விழையும் விவசாயக் குடும்பத்தினரும் உளர். வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கங்கள் தாமே முன்னின்று அமைத்த குடியிருப்புகளும் உண்டு.

குடியேறிய ஓரிரு ஆண்டுகளில் ஒரு மனு தயாராகிறது. "எங்கள் குடியிருப்புக்கு நகரக் குடிநீர் நீட்டித்துத் தரப்பட வேண்டும்" என்பது அதன் சாரம். மனு நியாயமானதே, தண்ணீரின்றி வீடு வீடாகாது. ஆயினும் அம்மனுவில் பாதி எழுதப்படாமலே விடப்படுகிறது என்பதை எடுத்துக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம். வரும் நீரைப் பற்றிக் கேட்கிறோம்; போகும் நீரைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அந்த மறதியின் பலனை, ஏரியின் மறுபுறத்தில் மதகுக்குக் கீழே உழும் நம் சகோதர அங்கத்தினரே அனுபவிக்க நேருகிறது. சென்னையின் புறநகர் ஏரிகள் இதற்குத் தக்க சான்றாக விளங்குவதால் அவற்றையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஏரி அருகில், குடிநீர் தொலைவில்

"ஏரி எங்கள் வாசலில் கிடக்கிறது, குழாயில் மட்டும் ஏன் தண்ணீர் வரவில்லை?" என்பது ஏரிக்கரைவாசிகள் எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு விடை காண நகரக் குடிநீரின் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும்.

சென்னை நகருக்கு முறையான குடிநீர்த் திட்டம் 1872-ஆம் ஆண்டில் வந்தது. கொற்றலை ஆற்று நீர் தாமரைப்பாக்கத்தில் தடுக்கப்பெற்று, சோழவரம், புழல் ஏரிகளின் வழியே கீழ்ப்பாக்கத்திற்குக் கொண்டுவரப்பட்டது. வடிகட்டும் நிலையம் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது 1914-ஆம் ஆண்டில்தான். பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிந்தது. நகர மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. கிருஷ்ணா நீரைக் கொணர 1983-இல் ஒப்பந்தம் செய்யப்பட்டு, 1996-இல் முதன்முறையாக அந்நீர் தமிழக எல்லையை எட்டியது. 2004-இல் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் வந்தது. பின்னர்க் கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரை அடுத்து 2010-இலும், நெம்மேலியில் 2013-இலும், நெம்மேலியிலேயே இரண்டாவதாக 2024-இலும் இயங்கத் தொடங்கின.

இவ்வரலாற்றினின்று ஓர் உண்மை புலப்படும். ஏரி நீர் குடிநீராகுமுன் நெடும்பயணம் செய்கின்றது. ஏரியிலிருந்து எடுத்த நீர் சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்து, படிகாரம் சேர்த்துத் தெளிவிக்கப்பெற்று, மணற்படுகையில் வடிகட்டப்பெற்று, குளோரின் கலக்கப்பெற்று, பெருங்குழாயில் ஏறி, பகிர்மான நிலையத்துத் தொட்டியில் தங்கி, மேல்நிலைத் தொட்டிக்கு உயர்ந்து, பின்னரே தெருக்குழாய்க்கு இறங்குகிறது. செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்து 2007-இல் அமைந்த நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறனுடையது. அவ்வளவு பெரிய நிலையத்திற்கு அண்டை வீடாயினும், பெருங்குழாயும் தொட்டியும் தெருக்குழாயும் தம் தெருவை வந்து சேர்ந்தாலன்றி அவ்வீட்டாருக்கு ஒரு குடம் நீரும் கிட்டாது.

மற்றும் ஒன்று. குழாயைத் தெருவில் புதைப்பதால் மட்டும் நீர் வந்துவிடாது, அழுத்தம் வேண்டும். தரைத்தள வீடாயின் குழாயில் 7 மீட்டர் உயர அழுத்தமும், ஒரு மாடி இருப்பின் 12 மீட்டரும், இரு மாடி இருப்பின் 17 மீட்டரும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது பொறியாளர் கைக்கொண்டு வந்த அளவு. நகரின் கடைக்கோடியிலுள்ள குடியிருப்புக்கு இவ்வழுத்தம் கிட்ட வேண்டுமாயின் தனி மேல்நிலைத் தொட்டி இன்றியமையாதது. அதற்கு இடம் வேண்டும்; மனைகளை விற்றுத் தீர்த்தபின் இடம் தேடுவது குதிரை ஓடியபின் லாயத்தைப் பூட்டுவதாகும்.

விரிந்த நகரும் விரியாத குழாயும்

சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011-ஆம் ஆண்டில் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், மாதவரம், போரூர், புழல், மதுரவாயல், ஆலந்தூர், பெருங்குடி முதலிய 42 உள்ளாட்சிகள் நகரோடு இணைந்தன. இவற்றுட் பல, ஏரிகளும் தாங்கல்களும் நிறைந்த ஊர்கள். நேற்று வரை நெல் விளைந்த ஆயக்கட்டுகள். ஓர் ஆணையினால் நகர எல்லையை ஒரே நாளில் விரிக்கலாம்; குழாயை அவ்விதம் விரிக்க இயலாது. குடிநீர்த் திட்டங்களும் பாதாளச் சாக்கடைத் திட்டங்களும் பகுதி பகுதியாகவே மேற்கொள்ளப்பட்டன. இடைக்காலத்தை நிரப்பியவை ஆழ்துளைக் கிணறுகளும் தண்ணீர் லாரிகளுமே.

அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. பெரும்பகுதி, நகரைச் சூழ்ந்த கிராமங்களின் கிணற்று நீராகும். ஆரணியாறு, கொற்றலை ஆற்றுப் படுகைகளில் குடிநீர் வாரியமே வறட்சிக் காலங்களில் விவசாயிகளின் கிணறுகளை வாடகைக்கு அமர்த்தி நீர் பெற்றதுண்டு. நெல்லை விற்பதினும் நீரை விற்பது எளிதாயிற்று. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்ப்பாயின. இதனைக் கண்டே 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது.

2019-ஆம் ஆண்டின் கோடையை எவரும் மறந்திரார். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் வறண்டு தரை தெரிந்தன. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் நீர் கொணரப்பட்டது. அந்நாளில் ஏரிக்கரை வீடுகளின் மாடியில் நின்றோர் கண்டது வெடித்த சேற்றையே.

ஆகவே, புதுக் குடியிருப்புக்கு நகரக் குடிநீரை நீட்டிப்பது அக்குடியிருப்பினர்க்கு மட்டுமின்றிச் சுற்றுப்புற விவசாயிகளுக்கும் நன்மையே. குழாய் வந்த தெருவில் லாரி குறையும். லாரி குறைந்தால் கிராமத்துக் கிணறு பிழைக்கும். இதில் நமக்கு ஐயமில்லை. குழாயை எதிர்ப்பது நம் கருத்தன்று என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு சிறு கணக்கு

நிற்க. சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பழக்கத்தால் இதற்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதிப் பார்ப்போம்.

ஏரிக்கரையில் 400 வீடுகள் உள்ளதாகவும், வீட்டிற்கு ஐவர் என்றும் கொள்வோம். மொத்தம் 2,000 பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் நெறியாகும். அதன்படி நாள் ஒன்றுக்கு வேண்டுவது 2,70,000 லிட்டர். 9,000 லிட்டர் கொள்ளும் லாரியாயின் 30 நடை. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 9 கோடியே 85 லட்சம் லிட்டருக்குச் சற்று மிகும்.

இது விவசாயிக்கு எவ்வளவு? ஒரு போக நெல்லுக்கு நிலத்தின்மீது மொத்தம் 1,200 மில்லிமீட்டர் நீர் நிறுத்த வேண்டுமெனக் கொண்டால், ஏக்கருக்குச் சுமார் 48½ லட்சம் லிட்டர் ஆகும். அதாவது, நானூறு குடும்பங்கள் ஓராண்டு முழுவதும் குடித்து, குளித்து, சமைத்து, துவைக்கும் நீர், ஏறத்தாழ 20 ஏக்கர் நெல்லின் ஒரு போக நீருக்குச் சமம். இவ்வளவே! நகரத்தார் குடிக்கும் நீரால் மட்டும் ஆயக்கட்டு அழிந்துவிடும் என்று அஞ்சும் அன்பர்கள் இக்கணக்கை ஒருமுறை பார்த்தல் நலம்.

இனிச் செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். வீட்டிற்குள் வந்த நீரில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர் கணிப்பு. நம் நானூறு வீடுகளினின்றும் நாள்தோறும் 2,16,000 லிட்டர் கழிவுநீர் வெளிவரும். உள்ளே வந்தது 30 லாரி. வெளியே போவது 24 லாரி. வந்த முப்பதுக்கு மனு எழுதியவர்கள் போகும் இருபத்துநான்கைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கணக்கில் காட்டாத தொகை எங்கோ ஓரிடத்தில் சென்று விழுந்தே தீரும் என்பது தணிக்கையாளர் யாவரும் அறிந்ததே. இத்தொகை விழும் இடம் ஏரி.

குழாய் வந்தபின் நேர்வது

லாரித் தண்ணீர் காலத்தில் மக்கள் சிக்கனமாயிருப்பர். குடத்தை எண்ணிச் செலவு செய்வர். கழிவு குறைவாதலின், வீட்டுக் கழிவுத்தொட்டியும் உறிஞ்சுகுழியும் ஒருவாறு சமாளிக்கும். குழாய் வந்ததும் புழக்கம் பெருகுகிறது. கழிவும் உடன் பெருகுகிறது. ஏரிக்கரை மண்ணோ பெரும்பாலும் களிப்பு மிகுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைமட்டத்தருகே ஏறிவிடும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த மண் எதை உறிஞ்சும்? தொட்டி நிரம்பி வழிகிறது. வழிந்தது மழைநீர்க் கால்வாயைத் தேடுகிறது. மழைநீர்க் கால்வாய் ஏரியைத் தேடுகிறது.

இவ்வுண்மை மேற்சொன்ன நெறியிலேயே அடங்கியிருக்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகருக்கு ஆளொன்றுக்கு 135 லிட்டர் என்று விதித்த அந்நெறி, குழாய் இருந்தும் சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டரே விதித்திருந்தது. வெளியேற வழியில்லாத இடத்தில் மிகுதியாக நீரை ஊற்றுதல் தகாது என்பதே இதன் கருத்து. 'சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம்' என்று 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நிறுவனத்தின் பெயரிலும் இரு பணிகளும் இணைந்தே நிற்கின்றன. 1971-இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பெயரும் அத்தகையதே. மனு எழுதுவோர் மட்டும் பெயரின் முற்பாதியோடு நின்றுவிடுகின்றனர்.

சென்னைக்கு மேற்கே ஓர் ஏரியை ஒட்டிய குடியிருப்பை நாம் பார்வையிட நேர்ந்தது. ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அத்தகைய ஊர்கள் பல. அங்குக் குழாய் வந்த ஆண்டை மக்கள் திருவிழாவைப் போல நினைவில் வைத்திருக்கின்றனர். நெசவாளர் குடும்பத்து மூதாட்டி ஒருவர், "இராத்திரி பதினோரு மணிக்கு லாரிக்காகக் குடத்தோடு நின்ற காலமெல்லாம் போச்சு, சார். மருமகள் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள்" என்றார். அம்மொழியில் பொய்யில்லை. ஆனால் அவ்வீட்டின் பின்புறத்தில், கால்வாயில் கறுத்த நீர் தேங்கி நிற்பதையும் கண்டோம். மழை நாளில் கழிவுத்தொட்டி முற்றத்தில் வழிவதாகவும், அதனை இறைக்க வரும் லாரிக்குக் கொடுக்கும் பணம் முன்னர்த் தண்ணீர் லாரிக்குக் கொடுத்ததற்குக் குறைந்ததன்று எனவும் அவரே கூறினார்.

அங்கிருந்து கரை ஏறி மறுபுறம் இறங்கினோம். மதகடியில் நெல் பயிரிடும் முதியவர் ஒருவர் தம் வயலைக் காட்டினார். "மதகைத் திறந்தால் முன்னெல்லாம் கெண்டை துள்ளும், ஐயா. இப்போ ஆகாயத்தாமரைதான் வந்து அடைக்குது. பயிர் கருகருவென்று வளருது. கதிர் பிடிக்கிறதுக்குள்ளே சாஞ்சுபோகுது. தூற்றிப் பார்த்தால் பாதி பதர்" என்றார். வேளாண்மை அறிந்தோர்க்கு இதன் காரணம் விளங்கும். கழிவுநீரில் மிகுந்துள்ள தழைச்சத்து பயிரை அளவுமீறித் தழைக்கச் செய்கிறது, தாள் வலுவிழந்து சாய்கிறது, பூச்சியும் பெருகுகிறது. உரமிடாமலே உரம் மிகையான நிலம் அது.

கரையின் ஒருபுறம் நிம்மதி, மறுபுறம் நட்டம். இருவரும் கூட்டுறவு அங்கத்தினர். இருவருள் எவர்மீதும் குற்றமில்லை. இடையே போட வேண்டிய ஒரு குழாய் போடப்படாமையே குற்றம்.

இது ஓர் ஊரின் செய்தி மட்டுமன்று. அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதுபற்றிய முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கெட்ட நீர் வயலுக்குப் பாய்ந்தால் எதுவரை செல்லும் என்பதற்கு, நெசவுத் தொழிலோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்றும் நம் மாநிலத்தில் உண்டு. நொய்யலாற்றில் பாசனத்திற்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் இடமாக மாறியது. உழவர் வழக்காடினர், 2011-இல் உயர்நீதிமன்ற ஆணையினால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன, நூலும் துணியும் கையில் வைத்திருந்தோர் வேலையின்றித் தவித்தனர். வீட்டுக் கழிவு சாயக் கழிவைப் போன்றதன்று என்பது உண்மையே. ஆயினும், போகும் நீரைக் காலத்தில் கவனியாது விட்டால் உழவர், தொழிலாளர் இருவருக்கும் ஒருங்கே இழப்பு நேரும் என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவாகும்.

பள்ளத்து மனையின் விலை

கழிவுநீர்க் குழாய் பின்தங்குவதற்குக் காரணங்கள் உள. அவற்றையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும்.

முதலாவது, செலவு. குடிநீரை அழுத்தத்தினால் மேட்டிற்கும் செலுத்தலாம்; எனவே அக்குழாயை ஒரே ஆழத்தில் புதைத்துச் செல்லலாம். கழிவுநீர் தன் எடையினால் பள்ளம் நோக்கி ஓட வேண்டும்; எனவே குழாய் சரிந்து சரிந்து ஆழம் மிகுந்துகொண்டே போகும். ஆழம் மிகுந்த இடத்தில் கிணறு அமைத்து, உந்து நிலையம் வைத்து, மேலேற்றி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, இடம். ஏரிக்கரைக் குடியிருப்பில் யாவற்றினும் தாழ்ந்த மூலை எது? ஏரியை ஒட்டிய மூலையே. உந்து நிலையத்திற்கு உரிய இடமும் அதுவே. மனை விற்போரின் தாளில் 'ஏரியைப் பார்த்த மனை' என்று மிக உயர்ந்த விலை போட்டு விற்பதும் அதே மூலையைத்தான். விற்ற இடத்தைத் திரும்பப் பெறுவது யாருக்கு எளிது?

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாமை. குடிநீர் வராவிடில் அன்றே குடம் தெருவுக்கு வரும். கழிவுநீர்க் குழாய் இல்லாமையோ மெல்ல மெல்லத் தெரிவது. அதிலும் பிறர் வயலில் தெரிவது.

இக்குறையினால் மனித உயிரும் போவதுண்டு. நிரம்பிய கழிவுத்தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யும் கொடுமையை 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துள்ளது. அதன் பின்னரும் விஷவாயுவினால் தொழிலாளர் மாண்ட செய்திகளைப் படிக்கிறோம். சாக்கடைக் குழாய் இல்லாத ஒவ்வொரு குடியிருப்பும் இத்தகைய தொட்டிகளைப் பெருக்குகிறது என்பதை மறத்தலாகாது.

சங்கங்கள் செய்யத் தக்கவை

1904-ஆம் ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. நம் மாநிலத்தில் அவ்வகையில் அதுவே முதலாவது. பூண்டி, சோழவரம், புழல் மூன்றும் அதே மாவட்டத்தில் அமைந்தவை. கூட்டுறவு பிறந்த மண்ணில், ஏரிநீர்ப் பிரச்சினைக்கும் கூட்டுறவு வழியிலேயே பரிகாரம் தேடுதல் பொருத்தமன்றோ? நம் சங்கங்கள் கைக்கொள்ளத் தக்க சில வழிகளைக் கூறுவோம்.

1. நிலம் வாங்குமுன் கிராமக் கணக்கையும் புல வரைபடத்தையும் பார்த்து, அந்நிலம் ஏரியின் நீர்ப்பிடிப்பிலோ வரத்துக்கால், போக்குக்கால் வழியிலோ அமைந்துள்ளதா என்று உறுதி செய்ய வேண்டும். ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பு அகற்றுவதற்கென 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஏரி நிலத்தில் நின்ற வீட்டிற்குக் குழாய் கேட்பது வீண், வீடே நிலைக்காது. வேளச்சேரி முதலிய தாழ்ந்த பகுதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பட்ட பாடு கண்கூடு.

2. மனைப் பிரிவு வரைபடம் தயாரிக்கும்போதே மேல்நிலைத் தொட்டிக்கு மேட்டிலும், கழிவுநீர் உந்து நிலையத்திற்குப் பள்ளத்திலும் இடம் ஒதுக்க வேண்டும். 'ஏரியைப் பார்த்த மனை' ஒன்றிரண்டு குறைந்தால் சங்கம் நட்டமடையாது.

3. மனை விலையோடு சேர்த்தே, குடிநீருக்கும் கழிவுநீருக்குமாகப் பங்குத்தொகை வசூலித்து, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் தனிக்கணக்கில் வைத்தல் வேண்டும். மகாசபையின் தீர்மானமின்றி அதைத் தொடலாகாது. சாலையையும் விளக்கையும் காட்டி அத்தொகையைக் கரைத்துவிடும் ஆசை எழுவது இயல்பு. தணிக்கையாளர் அதில் கண்டிப்பாயிருத்தல் வேண்டும்.

4. குடிநீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டும்போதே கழிவுநீர்க் குழாய்க்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். இரண்டையும் உரிய இடைவெளி விட்டு, குடிநீர்க் குழாய் மேலும் கழிவுநீர்க் குழாய் கீழுமாக அமைத்தல் முறை. நம் நகரங்களில் நீர் இடைவிட்டு வருவதால், நீர் நின்ற நேரத்தில் குழாயில் வெற்றிடம் உண்டாகி, சுற்றிலுமுள்ள அசுத்தத்தை வெடிப்புகளின் வழியே இழுத்துக்கொள்ளும். தேங்கிய சாக்கடையினூடே செல்லும் குடிநீர்க் குழாய் நோயைக் கொணரும் குழாய் ஆகிவிடும்.

5. நகரின் கழிவுநீர்க் குழாய் எட்டும்வரை, வீட்டுக்கு வீடு தொட்டி வைப்பதற்குப் பதிலாகக் குடியிருப்பு முழுமைக்கும் பொதுவான சிறு சுத்திகரிப்பு நிலையம் அமைக்கலாம். சுத்திகரித்த நீர் வீணன்று. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் ஆகிய ஈரிடங்களிலும் கழிவுநீரை உயர்நிலையில் சுத்திகரித்து, தலா 4½ கோடி லிட்டர் வரை நாள்தோறும் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் 2019-இல் திறக்கப்பட்டன. பெரிதாகச் செய்ய இயன்றதைச் சிறிதாகச் செய்து தோட்டத்திற்கும் மரங்களுக்கும் பயன்படுத்துதல் அரிதன்று.

6. மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரைத் தனியே சேர்த்துக் கிணற்றில் விடும் வீடு, கோடையில் லாரியை எதிர்பார்க்கும் நாட்களைக் குறைத்துக்கொள்கிறது. கழிவுநீரும் மழைநீரும் கலவாதிருக்கவும் இது துணை செய்யும்.

7. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. மனுவைக் குடியிருப்புச் சங்கம் மட்டும் தனியே கொடுக்காமல், ஏரியின் ஆயக்கட்டு விவசாயிகளோடு கலந்து கூட்டு மனுவாகக் கொடுத்தல் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நீரைப் பயன்படுத்தும் விவசாயிகளுக்குச் சங்கங்கள் அமைய வழியுண்டு. அச்சங்கமும் குடியிருப்புச் சங்கமும் ஒரே தாளில் கையொப்பமிட்டு, "எங்களுக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் ஒருங்கே வேண்டும்" என்று கேட்குமாயின், அம்மனுவை அலமாரியில் வைத்துப் பூட்டுவது அதிகாரிகளுக்கு எளிதாயிராது.

ஆட்சேபமும் விடையும்

"சாக்கடை வரும்வரை தண்ணீரை நிறுத்தி வைக்கச் சொல்கிறீரா? தவித்த வாய்க்கு முதலில் தண்ணீர் கொடுங்கள், மற்றதைப் பின்னர்ப் பார்ப்போம்" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். ஏற்கெனவே மக்கள் குடியேறிய இடத்தில் குடிநீரை ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அங்குத் தண்ணீர் முதலில் வரட்டும். ஆனால் அன்றே கழிவுநீர்த் திட்டத்திற்கும் காலவரையறை கேட்டுப் பெறுதல் வேண்டும். 'பின்னர்' என்பதற்குத் தேதி இல்லையாயின் அது வருவதில்லை. இனி அமையப்போகும் குடியிருப்பிலோ, இரண்டும் இன்றி மனை விற்பதே தகாது. இரண்டு குழாயும் இல்லாத மனையை மலிவு விலை என்று வாங்கியவர், மீதி விலையை லாரிக்குத் தவணையில் கட்டுகிறார்.

ஒரு காலத்தில் புழலும் செம்பரம்பாக்கமும் வயலுக்கென அமைந்த ஏரிகள். நகரத்தின் தாகத்திற்கு விவசாயி அவற்றை விட்டுக்கொடுத்தார். இன்னும் எஞ்சியுள்ள சிற்றேரிகளின் கரையில் நகரம் குடியேறி வருகிறது. குடிக்கும் நீரைக் கேட்க அதற்கு உரிமை உண்டு. இருபது ஏக்கர் நெல்லின் நீரை நானூறு குடும்பங்களுக்குத் தர எந்த உழவரும் மறுக்கமாட்டார். அந்நீர் சாக்கடையாகத் தம் மதகுக்குத் திரும்பி வரலாகாது என்பதே அவர் கேட்பது. அவ்வேண்டுகோளை நம் மனுவின் இரண்டாம் வரியாக எழுதுவோம். வரும் ஆண்டு மகாசபைகளில், ஏரியை அடுத்து நிலம் வாங்க எண்ணும் ஒவ்வொரு சங்கமும் இதனை ஒரு தீர்மானமாக நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.